கோனா முதல் ரோன்ட்டி வரை: ஒரு பள்ளத்தாக்கில் பாறையை மதிப்பிட்ட வரலாறு

யமுனையின் கிழக்குக் கரையில், ஆறு பல நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண்ணின் மேல் எழுந்திருக்கும் மயூர் விஹாரில், மலை என்றோ பாறை என்றோ சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் தென்னிந்தியக் கோயில்களும் அடுக்ககங்களுமாக வளர்ந்துவிட்ட அந்தப் பகுதியில் பாறை மண்ணுக்கடியில் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. தில்லியின் கண்ணுக்குத் தெரியும் குன்றுகள் யாவும் ஆற்றுக்கு அப்பால், மேற்கிலும் தெற்கிலும் உள்ளன. ஆயினும் 2021 பிப்ரவரி 14 அன்று, சோனியா விஹார், பாகீரதி ஆகிய இரண்டு சுத்திகரிப்பு நிலையங்களும் முழு அளவில் இயங்க முடியவில்லை என்றும், கிழக்கு, வடகிழக்கு, தெற்குத் தில்லியின் சில பகுதிகளில் குடிநீர் குறையும் என்றும் தில்லி ஜல் போர்டு அறிவித்தது. மேல் கங்கைக் கால்வாய் வழியே வந்த நீரில் கலங்கல், சுத்திகரிப்பு நிலையங்கள் தாங்கக்கூடிய அளவை மீறிப் போயிருந்ததே காரணம். அந்தக் கலங்கலின் பெரும்பகுதி, ஒரு வாரத்துக்கு முன் கார்வால் இமயமலையில் ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் பிய்த்துக்கொண்டு விழுந்த ஒரு பாறைமுகத்தின் தூள்.

ஒரு பாறைச் சாய்வு எவ்வளவு காலம் நிற்கும், எப்போது விழும், விழுந்தால் யாரை எட்டும் என்று கணிக்கும் கலை இந்தியாவில் பெரும்பாலும் அந்தப் பாறைமுகம் நின்ற, கங்கையின் மேற்பகுதியான அலக்நந்தாவின் பள்ளத்தாக்கிலும் அதை அடுத்த குமாவுன் மலைகளிலும்தான் உருவானது என்று சொன்னால் மிகையாகாது. அதற்கு மலையின் சிக்கலான அமைப்பு ஒரு காரணம் என்றால், மலைக்குக் கீழே ஒரு கால்வாய் இருந்தது இன்னொரு காரணம். 1854 ஏப்ரல் 8 அன்று புரோபி காட்லியின் மேற்பார்வையில் கட்டி முடித்துத் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாய், ஹரித்வாரில் ஆற்றைப் பிரித்துச் சமவெளியின் வயல்களுக்குக் கொண்டு சென்றது. அந்தக் கால்வாயைக் கட்டவும் பேணவும் பொறியாளர்கள் தேவைப்பட்டதால் 1847-இல் ரூர்க்கியில் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னாளில் பல்கலைக்கழகமாகவும் 2001-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமாகவும் மாறிய அந்தக் கல்லூரி இந்த வரலாற்றில் இன்னொரு முறை வரும். மலையில் விழும் கல்லுக்கும் சமவெளியின் வருவாய்க்கும் இடையே கால்வாய் கட்டிய இந்த முடிச்சு இல்லாதிருந்தால், யாரும் போகாத ஒரு பள்ளத்தாக்கில் விழுந்த மலையைப் பற்றி ஓர் அரசு அவ்வளவு பணமும் கவனமும் செலவிட்டிருக்குமா என்பது ஐயமே.

முதல் அடி விழுந்தது குமாவுனின் நைனிதாலில். 1880 செப்டம்பரில் இரண்டு நாள் விடாமல் பெய்த பெருமழைக்குப் பின், 18ஆம் தேதி ஷேர்-கா-டாண்டா மலையின் ஒரு பக்கம் ஏரியை நோக்கிச் சரிந்து, விடுதி ஒன்றையும் நைனா தேவி கோயிலையும் பொதுக்கூடத்தையும் புதைத்தது. 151 பேர் இறந்தனர். அவர்களுள் 43 பேர் ஐரோப்பியர் என்பதால் இலண்டன் வரை செய்தி பரவியது. காலையில் விழுந்த சிறு சரிவில் சிக்கியவர்களை மீட்கச் சென்றவர்களும் மதியம் விழுந்த பெருஞ்சரிவில் மாண்டார்கள். அதன் பின் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஆர். டி. ஓல்டாம், சி. எஸ். மிடில்மிஸ் ஆகியோர் ஒருவர் பின் ஒருவராக அந்த மலைகளை ஆராய்ந்தனர். மழைநீர் மலைக்குள் இறங்காமல் மேலேயே வழிந்து ஓடும்படி சாய்வுகளெங்கும் கல் பதித்த வடிகால்கள் அமைக்கப்பட்டன. அந்த வடிகால்கள்தான் நைனிதால் நகரை இன்று வரை நிற்க வைத்திருக்கின்றன என்று பலர் கருதுகின்றனர். அவற்றின் மேல் இப்போது வீடு கட்டுகிறார்கள் என்பது வேறு கதை.

மதிப்பீடு என்ற சொல்லுக்கு முழுப் பொருள் கிடைத்தது 1893-இல், கோனாவில். சமோலிக்கும் பீப்பல்கோட்டிக்கும் இடையே அலக்நந்தாவில் வந்து சேரும் சிற்றாறு பிரேஹி கங்கா. அதன் பள்ளத்தாக்கில், கோனா என்ற சிற்றூருக்கு எதிரே நின்ற மைதானா மலையின் ஒரு பக்கம் அந்த ஆண்டு செப்டம்பரில் பெயர்ந்து, சில நாட்கள் தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தது. அடங்கியபோது ஆற்றின் குறுக்கே ஏறத்தாழ 900 அடி உயரமுள்ள ஓர் அணை எழுந்திருந்தது. அதன் பின்னால் நீர் தேங்கத் தொடங்கியது. மலை விழுந்தது என்று உள்ளூர் வருவாய் அலுவலரான பட்வாரி அனுப்பிய செய்தியின் கனத்தை மேலிடம் உடனே உணர்ந்துவிடவில்லை. ஆனால் அதே பிரேஹி பள்ளத்தாக்கில் ஒரு தலைமுறைக்கு முன்பு இன்னொரு சரிவு ஏற்படுத்திய வெள்ளத்தில் சமோலிக் கரையில் படுத்திருந்த யாத்திரிகர் பலர் அடித்துச் செல்லப்பட்டிருந்தார்கள். அந்த நினைவு ஊர்களில் அழியாமல் இருந்தது. கண்காணிப்புப் பொறியாளராக இருந்த லெப்டினன்ட் கர்னல் புல்ஃபோர்டு நேரில் சென்று பார்த்து, நீர் அணையின் உச்சியைத் தாண்டி வழியும் வரை அணை உடையாது, வழியத் தொடங்கினால் பெருவெள்ளம் நிச்சயம் என்று கருத்துத் தெரிவித்தார். எது நடக்காது, எது நடக்கும், எந்தக் கணத்தில் ஒன்று மற்றொன்றாக மாறும் என்று அந்தக் கருத்து தெளிவாகப் பிரித்துச் சொன்னது. பிற்கால நடவடிக்கைகள் எல்லாம் அந்தப் பிரிவின் மேலேயே கட்டப்பட்டன.

1894-இன் தொடக்கத்தில் அங்கே அனுப்பப்பட்டவர் நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹென்றி ஹாலண்ட், வயது இருபத்தைந்து. தமிழ் வாசகர் அவர் பெயரை அறியாவிட்டாலும் அவர் பெயரிட்ட கல்லைத் தினமும் மிதித்திருக்கக்கூடும். கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு மூடுகல்லாகக் கிடந்த கருநிறப் பாறையை ஆராய்ந்து, அது சென்னைக்கு அருகே பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்தில் கிடைக்கும் கல் என்று கண்டு, அதற்கு ‘சார்னோக்கைட்’ என்று 1893-இல் பெயர் சூட்டியவர் அவர்தான். நீலகிரியின் பெரும்பகுதியும் அதே பாறையால் ஆனது. சென்னையின் கல்லைப் பற்றி எழுதிய மை காயும் முன்னே கார்வாலின் கல்லைப் பார்க்கப் போன அந்த இளைஞர், கோனாவில் அடிப்படையான ஒன்றைக் கவனித்தார்: சுண்ணாம்புப் பாறைகளும் களிப்பாறைகளும் அடுக்கடுக்காகப் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருந்தன, ஆறு அவற்றின் அடியை அறுத்துக்கொண்டு போயிருந்தது, மழைநீர் அடுக்குகளுக்கு இடையே இறங்கிப் பிடிப்பைத் தளர்த்தியிருந்தது. சாய்த்து வைத்த பலகையின் மேல் அடுக்கிய அரிசி மூட்டைகளில் அடி மூட்டையை எடுத்துவிட்டால் என்ன ஆகுமோ அதுவே அங்கே ஆயிற்று.

இந்த இடத்தில் சில சொற்களை விளக்கிக்கொள்வது நல்லது. பிளவில்லாத முழுப் பாறை மிகவும் வலிமையானது; மலை அநேகமாகப் பாறை நொறுங்கி விழுவதில்லை, ஏற்கெனவே பிரிந்திருக்கும் தளங்களின் வழியே வழுக்கி விழுகிறது. படிவுப் பாறையில் ஓர் அடுக்கும் அடுத்த அடுக்கும் சந்திக்கும் தளம் அடுக்குத்தளம். பாறை குளிர்ந்தபோதோ மலை எழும்பியபோதோ உண்டான வெடிப்புகள் பிளவுத்தளங்கள். இத்தகைய ஒரு தளம் மலைமுகம் சாய்ந்திருக்கும் திசையிலேயே, அதைவிடச் சற்றுக் குறைந்த கோணத்தில் சாய்ந்து, மலைமுகத்தில் வெளியே வந்து முடிந்தால் அதன் மேலுள்ள பாறை வழுக்கத் தயாராக இருக்கிறது என்று பொருள், இது தளச்சரிவு. இரண்டு தளங்கள் ஒன்றையொன்று வெட்டி, வெட்டும் கோடு வெளியே சாய்ந்திருந்தால் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு கழன்று வரும். தளங்கள் உள்நோக்கிச் செங்குத்தாக நின்றால் பாறைப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே கவிழும். இவற்றைத் தடுப்பது தளங்களுக்கு இடையேயான உராய்வு. உலர்ந்த ஒரு தளத்தின் மேல் பாறை எந்தக் கோணம் வரை வழுக்காமல் தங்குமோ அது உராய்வுக் கோணம். பல பாறைகளுக்கு அது 30 டிகிரியை ஒட்டி இருக்கும். பிளவுக்குள் நீர் நின்றால் அந்த நீரின் அழுத்தம் மேலுள்ள பாறையைத் தூக்கிப் பிடிக்கிறது. உராய்வு அந்த அளவுக்குக் குறைகிறது. இமயமலையில் பெரும்பாலான சரிவுகள் மழைக்காலத்தில் நேர்வதற்கு இதுவே முதற்காரணம்.

கோனாவில் ஹாலண்ட் செய்த வேலையின் சிறப்பு, மலை ஏன் விழுந்தது என்ற விளக்கத்தோடு நிற்காமல் அணை எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்கிட்டதில் இருந்தது. ஏரிக்கு வந்து சேரும் நீர் எவ்வளவு, நீர்மட்டம் நாளுக்கு எவ்வளவு ஏறும், கோடையில் உருகும் பனியும் பருவமழையும் எவ்வளவு கூட்டும் என்றெல்லாம் கணித்து, 1894 ஆகஸ்டில் நீர் உச்சியைத் தாண்டும் என்று கூறப்பட்டது. அரசு அந்தக் கணிப்பை நம்பி நடந்தது. கோனாவிலிருந்து ஹரித்வார் வரை மலைப்பாதை நெடுகத் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. ஏரிக்கரையில் லெப்டினன்ட் குரூக்ஷாங்க் என்ற இளம் இராணுவப் பொறியாளர் பல மாதங்கள் தங்கி நீர்மட்டத்தை அளந்துகொண்டே இருந்தார். வெள்ளம் எட்டாத உயரம் எது என்று ஊர்தோறும் அடையாளங்கள் நடப்பட்டன. பத்ரிநாத் யாத்திரிகர்கள் வேறு வழியில் திருப்பப்பட்டனர். தொங்கு பாலங்கள் சில முன்கூட்டியே கழற்றி எடுக்கப்பட்டன. ஹரித்வாரில் கால்வாயின் தலைமதகுகளைக் காக்கும் ஏற்பாடுகளும் நடந்தன.

1894 ஆகஸ்ட் 25 காலையில் நீர் அணையின் மேல் கசிந்து வழியத் தொடங்கியது. அன்று நள்ளிரவை ஒட்டி அணை அறுந்தது. ஏறத்தாழ நான்கரை மணி நேரத்தில் 1,000 கோடி கன அடி நீர் வெளியேறி, ஏரியின் மட்டம் 390 அடி இறங்கியது. அன்றைய கார்வாலின் பெரிய ஊரும் முன்னாள் மன்னர்களின் தலைநகருமான ஸ்ரீநகர், அரண்மனை உட்பட, துடைத்தெடுக்கப்பட்டது. இத்தனைக்கும், வெள்ளத்தின் பாதையில் மாண்டவர்கள் ஒரு பக்கிரியும் அவர் குடும்பத்தாருமாக ஐந்து பேர் மட்டுமே. அவர்களும் அப்புறப்படுத்தப்பட்ட பின் இரகசியமாகத் திரும்பிச் சென்றவர்கள். உலக வரலாற்றில் நிலச்சரிவு அணை ஒன்று உடைவதை இவ்வளவு முன்னதாகக் கணித்து, கணித்த மாதத்திலேயே எதிர்கொண்ட நிகழ்வுகள் அதற்கு முன் அரிது. ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து, 1963 அக்டோபர் 9 அன்று, இத்தாலியின் வாயோன்ட் நீர்த்தேக்கத்தில் 27 கோடி கன மீட்டர் பாறை ஒரே வீச்சில் நீருக்குள் சரிந்து, எழும்பிய அலையில் சுமார் 2,000 பேர் இறந்தபோது, அங்கிருந்த பொறியாளர்கள் கைவசம் கோனாவில் இருந்ததைவிடப் பன்மடங்கு கருவிகள் இருந்தன. மலை நகர்வதை அவர்கள் மாதக்கணக்கில் அளந்துகொண்டும் இருந்தார்கள். ஆனால் மெதுவாக நகரும் மலை மெதுவாகவே விழும் என்று எடுத்துக்கொண்டார்கள். எண்ணைச் சரியாக அளந்தும் அது எதைச் சொல்கிறது என்பதில் தவறலாம்.

கோனா வெற்றியின் மறுபக்கத்தை அதைப் பாராட்டி எழுதியவர்கள் அதிகம் கவனிக்கவில்லை. அணை முழுதும் போகவில்லை. கீழ்ப்பகுதி எஞ்சி, அதன் பின்னே ஓர் ஏரியும் எஞ்சியது. உள்ளூரில் துர்மி தால் என்று அழைக்கப்பட்ட அந்த ஏரி அழகிய இடமாகப் பெயர் பெற்றது. தந்திக் கம்பி போயிற்று, காவலும் போயிற்று. 1970 ஜூலை 20 அன்று பெருமழையில் அலக்நந்தா பொங்கியபோது, பல ஆண்டுகளாக மண்ணாலும் கல்லாலும் மேடிட்டிருந்த அந்த ஏரியும் உடைந்தது. வெள்ளம் கொண்டுபோன வண்டல் ஹரித்வாரில் கால்வாயின் முதல் பல கிலோமீட்டரை மூடியது. அவ்வாண்டு சமவெளியின் பாசனம் பாதிக்கப்பட்டது. முந்தைய மதிப்பீடு தவறாகப் போய்விட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. 1894-இல் கேட்கப்பட்ட கேள்விக்கு அது சரியாகவே விடை சொன்னது. அந்தக் கேள்வியை 1894-க்குப் பின் மீண்டும் கேட்பது எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை என்பதே குறை. ஒரு பாறைச் சாய்வின் நம்பகத்தன்மை பற்றிய எந்த எண்ணும் அதைக் காவல் காக்கும் ஏற்பாடு நீடிக்கும் வரைதான் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

1970 வெள்ளத்தின் காரணத்தைத் தேடிப் போனவர்களுள் நிலவியலாளர் அல்லாத ஒருவரும் இருந்தார். கோபேஸ்வரில் தசோலி கிராம சுவராஜ்ய அமைப்பை நடத்திய சண்டி பிரசாத் பட்டும் அவர் தோழர்களும் நிவாரணம் கொண்டு சென்ற வழியில், காடு வெட்டப்பட்ட சாய்வுகளில் சேதம் மிகுந்திருப்பதைக் கண்டனர். 1973-இல் மண்டல் என்ற ஊரிலும் 1974 மார்ச் 26 அன்று ரைனி ஊரில் கௌரா தேவியின் தலைமையிலும் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்ற சிப்கோ இயக்கத்துக்கு அந்த அவதானிப்பும் ஒரு வேர். வேர்கள் மண்ணைப் பிடிக்கும், ஆழமான பாறைச் சரிவைப் பிடிக்காது என்று நிலவியலாளர்கள் சொல்வது உண்மையே. ஆனாலும் அந்த ஊர்ப் பெண்கள் செய்ததும் ஒருவகை மதிப்பீடே, அதைப் பதிவு செய்த விதம்தான் வேறு.

இதே ஆண்டுகளில் பாறைச் சாய்வுக் கணிப்பு உலகெங்கும் எண்களின் மொழிக்கு மாறியது. எவர்ட் ஹூக், ஜான் பிரே ஆகியோரின் பாறைச் சாய்வுப் பொறியியல் நூல் 1974-இல் வெளிவந்தது. பீனியாவ்ஸ்கி 1973-இல் பாறைத்திரளுக்கு மதிப்பெண் இடும் முறையை வகுத்தார். ரொமானா 1985-இல் அதைச் சாய்வுகளுக்கு ஏற்பத் திருத்தினார். இவற்றின் நடுவே நிற்பது ‘பாதுகாப்புக் காரணி’: வழுக்கலைத் தடுக்கும் விசையை வழுக்கச் செய்யும் விசையால் வகுத்தால் வரும் எண். ஒன்றுக்கு மேல் இருந்தால் சாய்வு நிற்கும், ஒன்றுக்குக் கீழ் போனால் விழும். சொல்வதற்கு எளிது. ஆனால் பிளவின் உராய்வு, நீரின் உயரம், பிளவின் சாய்வு ஆகிய எதுவும் ஒரே எண்ணாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றும் சிதறலோடு கிடைக்கிறது. ஒரு சாய்வின் பாதுகாப்புக் காரணி சராசரியாக 1.5 என்றும் அளவீடுகளின் விலக்கம் 0.4 என்றும் கொண்டால், அது ஒன்றுக்குக் கீழே இருக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கு மேல். இன்னொரு சாய்வின் சராசரி 1.25 மட்டுமே, ஆனால் விலக்கம் 0.1 என்றால் அந்த வாய்ப்பு ஆயிரத்துக்கு ஆறே. சராசரியை மட்டும் பார்ப்பவர் முதலாவதன் கீழே பள்ளிக்கூடம் கட்டுவார். நம்பகத்தன்மை என்று பொறியியலில் சொல்லப்படுவது இந்தச் சிதறலையும் கணக்கில் எடுப்பதுதான். விழும் வாய்ப்பை விழுந்தால் வரும் இழப்போடு பெருக்கினால் கிடைப்பது இடர்.

இத்தகைய கணக்குக்கு ஒவ்வொரு பிளவையும் அளக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மலைச்சாலை உள்ள நாட்டில் அது நடவாத காரியம் என்பதால், மேலோட்டமாக ஆனால் எங்கும் பயன்படும்படியான ஒரு முறை தேவைப்பட்டது. அதைத் தந்தது கால்வாயின் பிள்ளையான அந்த ரூர்க்கிக் கல்விக்கூடம். அங்கே பணியாற்றிய ஆர். அன்பழகன் 1992-இல் வெளியிட்ட மதிப்பீட்டு அட்டவணை, மலைச்சாய்வை ஆறு கூறுகளாகப் பிரித்து மொத்தம் 10 மதிப்பெண் இடுகிறது: பாறையின் வகைக்கு 2, பிளவுகளும் சாய்வும் அமைந்த விதத்துக்கு 2, சாய்வின் கோணத்துக்கு 2, நிலப் பயன்பாட்டுக்கும் தாவரப் போர்வைக்கும் 2, மலையின் உயர வேறுபாட்டுக்கு 1, நிலத்தடி நீருக்கு 1. கூட்டுத்தொகை 3.5-க்குக் கீழ் என்றால் அபாயம் மிகக் குறைவு, 7.5-ஐத் தாண்டினால் மிக அதிகம். காட்கோதாம், நைனிதால் வட்டாரத்தில் சோதிக்கப்பட்ட இந்த முறையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1998-இல் தேசியத் தரமாக ஏற்றது. அதே 1998 ஆகஸ்டில் கயிலாய யாத்திரை வழியில் மால்பா என்னும் தங்குமிடத்தின் மேல் மலை சரிந்து, யாத்திரிகர் சுமார் 60 பேர் உட்பட இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததைக் காலத்தின் குரூரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அட்டவணையின் நுணுக்கம் அதன் சிறு எண்களில் இருக்கிறது. கிரானைட் போன்ற உறுதியான பாறைக்கு அது வெறும் 0.3 தருகிறது, அதே கிரானைட் நன்றாகச் சிதைந்து போயிருந்தால் அந்த எண்ணை நான்கால் பெருக்கச் சொல்கிறது, 1.2 ஆகிறது. ஹாலண்டின் சார்னோக்கைட்டால் ஆன நீலகிரிக்கு இந்தப் பெருக்கல் உயிர்நாடி. ஆய்வகத்தில் எளிதில் உடையாத அந்தக் கல், மலையின் மேல் வெயிலிலும் மழையிலும் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாக மாறிக் கிடக்கிறது. இடையிடையே சிதையாத உருண்டைப் பாறைகள் புதைந்திருக்கின்றன. 1978, 1979 ஆண்டுகளிலும், 1993 நவம்பரில் குன்னூர் மலைச்சாலையில் மரப்பாலம் அருகிலும், 2009 நவம்பரில் உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரமெங்கும் நீலகிரி சரிந்தபோது, இறங்கி வந்தது அந்தச் செம்மண்ணும் அந்த உருண்டைகளும்தான். பாறையின் பெயரை மட்டும் கேட்டு மதிப்பெண் இட்டால் நீலகிரி இந்தியாவின் மிகப் பத்திரமான மலைகளுள் ஒன்றாகிவிடும்.

அட்டவணையில் மழைக்கும் நிலநடுக்கத்துக்கும் இடமில்லை. சாய்வின் உள்ளியல்பை மட்டுமே அது எடை போடுகிறது, தூண்டும் காரணங்களை வெளியே விடுகிறது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனினும் ஒரு சிறு குழு கையில் திசைகாட்டியும் சாய்வுமானியுமாக நடந்து போய் ஒரு பெரும் பரப்பைப் படமாக்க முடிகிறது என்பது அதன் வலிமை. 2014-இல் நிலவியல் ஆய்வுத் துறை நாடு முழுவதற்கும் 1:50,000 அளவையில் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்கள் வரையும் திட்டத்தைத் தொடங்கியது. அத்தகைய வரைபடம் எந்தச் சாய்வு பலவீனமானது என்று சொல்லும். எந்த ஆண்டு விழும் என்று சொல்லாது. கோனாவில் ஹாலண்டுக்குக் கிடைத்த வசதி, விழ வேண்டியது ஏற்கெனவே விழுந்திருந்தது என்பதே. ஏரி நிரம்புவதைக் கணக்கிடலாம். பாறையின் பிடி தளர்வதை அவ்வளவு எளிதாகக் கணக்கிட முடியாது.

2021 பிப்ரவரி 7 காலை 10.21 மணிக்கு, 6,063 மீட்டர் உயரமுள்ள ரோன்ட்டி சிகரத்தின் வடக்கு முகத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பிரிந்து, 1,800 மீட்டர் ஆழத்திலுள்ள பள்ளத்தாக்கில் விழுந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறை. விழுந்த வேகத்தில் உராய்வின் வெப்பத்தால் பனி உருகி, பாறைத்தூளோடு கலந்து சேற்று வெள்ளமாக ரிஷிகங்காவில் இறங்கியது. ரைனி அருகே 13.2 மெகாவாட் நீர்மின் நிலையத்தை அழித்து, தபோவனில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 520 மெகாவாட் திட்டத்தின் சுரங்கத்துக்குள் புகுந்தது. இறந்தவரும் காணாமற்போனவருமாக 204 பேர். பன்னாட்டு ஆய்வாளர்கள் சில மாதங்களில் பழைய செயற்கைக்கோள் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, அந்தப் பாறைமுகத்தின் உச்சியில் 2016 முதல் ஒரு பிளவு திறந்து, 2020-க்குள் 80 மீட்டர் வரை அகன்றிருந்தது தெரிந்தது. படங்கள் இருந்தன, எவரும் பார்க்கலாம் என்ற நிலையிலும் இருந்தன. 1894-இல் ஏரிக்கரையில் அமர்ந்து கம்பை நட்டு நீர்மட்டம் பார்த்த ஒருவருக்கு ஒரு மேலதிகாரி இருந்தார், அவருக்குக் கீழே தந்தியின் மறுமுனையில் காத்திருந்த ஊர்கள் இருந்தன. ரோன்ட்டியின் பிளவைப் பார்ப்பதற்கு அப்படி ஒரு பதவியே உருவாக்கப்பட்டிருக்கவில்லை. சாலையோ ஊரோ இல்லாத அந்த உயரம் எந்தத் திட்டத்தின் இடர் மதிப்பீட்டு எல்லைக்குள்ளும் வரவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

அதன் பின் நிகழ்ந்த ஆய்வுகளுள் ஒன்று, தொலைவில் இருந்த நிலநடுக்கமானிகள் சரிவின் அதிர்வைப் பதிவு செய்திருந்ததைக் காட்டி, அத்தகைய பதிவுகளைக் கொண்டு கீழே உள்ளவர்களுக்குச் சில நிமிடம் முன்னெச்சரிக்கை தர இயலும் என்று வாதிட்டது. அந்த நாளில் கிடைத்த ஒரே எச்சரிக்கை, மலைமேல் நின்றவர்கள் தபோவனில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை நோக்கிக் கத்தியதும் சீழ்க்கை அடித்ததுமே. சில நாட்களில் மாநிலப் பேரிடர் மீட்புப் படை ரைனி அருகே நீர்மட்டம் உயர்ந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியை அமைத்தது. அது ஒலித்தால் கீழே உள்ளவர்களுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம் கிடைக்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அந்தக் கருவி அளப்பது ஆற்றின் நீர்மட்டத்தை.